நண்டு மீன் இல்லை

எண்பதுகளின் கடைசியில் மேனாம்பேட்டில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கு சாப்பிட்ட மகளுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போனது. தெருமுனை டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்றார். "மீன்" என்றேன். மீன்காரம்மா கூடையில் வருவதெல்லாம் எங்களுக்கு மீன்தான். எந்த மீன் என்று அவரும் கேட்கவில்லை. "இனிமே மீன் வேணாம்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வருடம் வீட்டில் மீன் வாசனையே கிடையாது. எனக்குச் சும்மாவே பயம் அதிகம். மீன் வறுத்த சட்டியைக்கூடத் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் அவளுக்கு நெஞ்சுச் சளி. பக்கத்து வீட்டு அக்கா, "நண்டு ரசம் வச்சிக் குடு, சளி அறுத்துக்கினு வந்துரும்" என்றாள். நண்டை மருந்து என்றுதான் நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான். நானே இடித்து, மிளகு போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கண் வீங்கி மூடிக்கொண்டது, மூச்சு விசிலடித்தது. வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்தார். ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஊசி போட்ட பிறகு அங்கிருந்த டாக்டரம்மா முதலில் என்ன நடந்தது என்று இறாலிலிருந்து கேட்டார். கேட்டுவிட்டுத் திட்டினார்.

"இறாலும் நண்டும் ஒரே கூட்டம்மா. ஓடு இருக்கும், காலெல்லாம் கணுக்கணுவா இருக்கும். மீனுக்கு முதுகெலும்பு இருக்கு, அது வேற கூட்டம். மீன் தாராளமா குடுக்கலாம்."

கட்டிலில் இருந்து மகள் முனகினாள். "கணுக்காலிமா. எங்க புக்குல கீது."

"தெரிஞ்சிகினே ஏண்டி குடிச்ச?"

"அது பரீட்சைக்குமா."

நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குத் தெரியாது. படித்தவளுக்கும் தெரியவில்லை என்றால் அந்தப் படிப்பு யாருக்கு? வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவள் நோட்டில் கணுக்காலிகள் என்று தலைப்பிட்டு அழகாக எழுதியிருந்தாள், இறால், நண்டு, கரப்பான், பட்டாம்பூச்சி என்று. பக்கத்தில் சிவப்பு டிக்.

மறுவாரமே நோட்டோடு பள்ளிக்கூடம் போய் நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் நோட்டைப் பார்த்தார். "இதுல பத்துக்குப் பத்து வாங்கியிருக்கா. இதுக்கு மேல இன்னாம்மா?"

"இந்தப் பாடத்த நடத்துறப்போ, யாருக்கு எது ஒத்துக்காதுன்னு புள்ளைங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா சார்? இறால் ஒத்துக்காதவன் நண்டையும் தொடாதன்னு சொன்னா ஒரு நிமிஷம் ஆகுமா?"

"அப்படி ஆரம்பிச்சா போர்ஷன் முடியாது." சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உயிர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்தவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள். அது என் அடுப்புவரை வந்து சேர ஒரு வாய் போதும், அந்த வாய்தான் கிடைக்கவில்லை.

வரும் வழியில் சங்கரா மீன் வாங்கி, புதுச் சட்டியில் வறுத்தேன். அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமா, என் மூஞ்சியவே பாத்துகினு கீற? நீயும் துண்ணு."

அவள் இரண்டாவது துண்டை முடிக்கும்வரை நான் சோற்றில் கைவைக்கவில்லை.