ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு ஒயர் கூடை

போன மாதம் சேலத்தில் ஒரு மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவருக்கு பைபாஸ். நாலு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாலு மணி நேரம் என்னதான் செய்வது? செல்போனைத் திறந்தேன், மூடினேன். நடந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி செல்போன்... எதிரே இருந்த பார்மஸி போர்டை இருபது தடவையாவது படித்திருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முரட்டு மீசை, காக்கி பேன்ட். பச்சையும் மஞ்சளுமாகக் கூடை பாதி வளர்ந்திருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே வந்து கூடை பின்னுகிறாரே — உள்ளே இருப்பது யாரோ தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது.

"உள்ள யாருங்க?" என்று கேட்டேன்.

"என்ற ஊட்டுக்காரிங்க்கா. வயித்துல கட்டி." கண் கூடையை விட்டு நகரவில்லை.

மனைவியா! எனக்குச் சுருக்கென்றது.

பெயர் செல்வராசு. திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி கவிழ்ந்துவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. இவருக்கும் சிராய்ப்புதான். ஆனால் கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"டம்ளர் புடிச்சாத் தண்ணி சிந்துமுங்க. ஸ்டியரிங்கைக் கண்டாலே வேர்த்துரும். மாத்திரையும் சாப்ட்டேன். இவ கூடை போடுவா. ஒரு நாள், 'சும்மா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இந்த ஒயரப் புடிங்க'ன்னா. அப்படி ஆரம்பிச்சதுங்க."

சக டிரைவர்கள் சிரித்தார்களாம். சிரித்தால் சிரிக்கட்டும் என்று பின்னினார். எட்டாவது கூடையில் நடுக்கம் குறைந்தது. பிறகு லாரிக்கும் திரும்பினார்.

"முடிச்சுப் போடறப்ப அடுத்த முடிச்சு மட்டுந்தானுங்க நெனப்பு. நீங்களும் ரெண்டு வரிசை போட்டுப் பாருங்க்கா" என்று கூடையை என் மடியில் வைத்தார்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — சட்டைப் பட்டன் தைக்கவே எனக்குப் பொறுமை கிடையாது. முதல் முடிச்சு உருவிக்கொண்டது. இரண்டாவது கோணல். "பிரிச்சுப் போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தால் முக்கால் மணி நேரம் போயிருந்தது. செல்போனை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

அப்போதுதான் நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டார். "ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போயிருக்கு. இன்னும் நேரமாகும்."

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் கை நடுங்கியது. கூடையை நீட்டினேன். வாங்கினார். ஒயர் நுழைய மறுத்தது. கீழே வைத்துவிட்டார்.

என்ன ஆறுதல் சொல்வது? எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் யார்? கூடையை எடுத்து நானே பின்ன ஆரம்பித்தேன். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து முடிச்சு போட்டிருப்பேன்.

"அக்கா, மஞ்சள மேல வுட்டுட்டீங்க. கீழ வரோணும்."

"எப்படிங்க? காட்டுங்க."

காட்ட வந்த கை கூடையிலேயே தங்கிவிட்டது. முதலில் தடுமாற்றம்... பிறகு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கைவேலை கவலையைப் போக்கும் என்கிறார்கள். நான் பார்த்தவரை, அது எங்கேயும் போகவில்லை. எங்கள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. அதோடு உட்கார எங்களால் முடிந்தது, அவ்வளவுதான்.

மதியம் என் கணவரை ஐசியூவுக்கு மாற்றினார்கள். சாயங்காலம் அந்த அம்மாவும் வெளியே வந்தார். இருவருக்கும் ஆபத்து நீங்கியது. மூன்றாம் நாள் கேன்டீனில் செல்வராசுவைப் பார்த்தேன். மீசைக்குள் சிரிப்பு.

"கூடையப் பாத்துட்டாளுங்க. 'நடுவுல ரெண்டு வரிசைய யாருங்க இப்படிக் கெடுத்தது?'ன்னு கேக்கறா."

வார்டுக்குள் போய் நான்தான் என்று சொன்னேன். எந்தக் குற்றத்தையும் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒப்புக்கொண்டதில்லை.