டோக்கன் நாற்பத்தொன்று

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பகல் 1.25க்கு, ட்யூப் லைட் வெளிச்சத்தில்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக நர்ஸ் நான். வருகிறவர்களில் யார் உடனே உள்ளே போவது, யார் வெளியே நாற்காலியில் காத்திருப்பது என்று பிரிப்பது என் வேலை. இன்று வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நடந்தேதான் வந்தார்.

"நெஞ்சு எரியுது சிஸ்டர். வாயுவா இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாற்காலியைக் காட்டக் கையைத் தூக்கிவிட்டேன்.

"உக்கார வைக்காதம்மா. ஈசிஜி எடு."

அவருக்குப் பின்னால் சாம்பல் நிறச் சால்வையில் ஒரு பெண். கையில் டோக்கன் சீட்டு, 41. சீட்டு கொடுப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறதே... கேட்க நேரமில்லை.

ஈசிஜியைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டேன். துடிப்பு 190. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது.

"மருந்து ஏத்திப் பாக்க நேரமில்லை. ஷாக்தான்," என்றார் டாக்டர். மயக்க ஊசி போட்டோம்.

ஷாக் கொடுக்கும்போது நோயாளியை ஒருவரும் தொடக் கூடாது. சுற்றிப் பார்த்து "விலகுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் டாக்டர் பட்டனை அழுத்துவார்.

1.34. பார்த்தேன்.

அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கையை எடுங்க."

எடுக்கவில்லை.

"யாரைச் சொல்றீங்க?" டாக்டர் கேட்டார்.

பீப்பீப்பீப்பீப்...

"சிஸ்டர்! ஆள் போயிடுவார்!"

"நான் பாத்துக்கறேன்மா... விடுங்க."

என்னையே பார்த்தாள்.

விட்டாள்.

"விலகுங்க!"

டப்.

பீப்... பீப்... பீப்...

1.35. துடிப்பு 82.

ஷிஃப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை. மூன்று மணிக்கு அவருக்கு நன்றாக நினைவு வந்தது. கூட வந்த அம்மா எங்கே என்று கேட்டேன்.

"தனியாத்தான் வந்தேன். எனக்குன்னு இருந்தது ஒரு அக்கா. ரெண்டு வருஷம் முந்தி, இதே வலியோட இங்கதான் வந்தா. வெளிய உக்காரச் சொல்லிட்டாங்களாம்."

தேதியைக் கேட்டுக்கொண்டு பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். அன்று இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பிரசவ விடுப்பில் போனவள் நான். அதற்குப் பிறகு நடந்ததை, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

'டோக்கன் 41. பெண். நெஞ்செரிச்சல். காத்திருக்கவும். 1.25.'

அதன் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: 'நாற்காலியிலேயே மரணம். 2.40.'

மேல் வரி என் கையெழுத்து.

அழுகைகூட வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அன்றைக்கு வந்த அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. நான் நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டேன்.

இன்றுதான் பார்த்தேன்.