வாட்ஸ் போதவில்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாற்பத்து மூன்று வயதில் மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். அம்மா இதைப் பெருமையாகக் கோவில்பட்டி மாமாவிடம் போனில் சொன்னாள். "எத்தனாங் கிளாஸ்?" என்று கேட்டார் மாமா. எங்கள் ஊர் மலையாளத்தில் சர்ச்சும் பள்ளிதான், மசூதியும் பள்ளிதான், யூதர்களின் கோயிலும் பள்ளிதான். நான் போனது மட்டாஞ்சேரி ஜூதப் பள்ளிக்கு. இது மாமாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் பள்ளுருத்தியில் இருக்கும் எலக்ட்ரீஷியன். ஒரு ஃபேனைச் சரிசெய்யத்தான் அங்கே போனேன். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் பிரசிடெண்ட் ஆன்டி என்னை வாலண்டியர் ஆக்கிவிட்டார். அவர்கள் கமிட்டியில் ஆட்கள் நாலு, பதவிகள் ஆறு. ஆன்டி பிரசிடெண்ட், அவருடைய கணவரின் தம்பி செக்ரட்டரி. மற்ற இருவர் எந்தப் பதவி யாருடையது என்று மறந்துபோனவர்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதிலிருந்து, உலர்ந்த திராட்சையில் ஒயின் காய்ச்சுவது வரை எல்லாம் ஆன்டிதான். வயது எழுபத்தாறு. அவர் பேசுவது மலையாளம். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

என் வேலை சனிக்கிழமையில். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைத் தொடக்கூடாது. தொடச் சொல்லவும் கூடாது. "ஃபேனைப் போடு" என்று என்னிடம் சொன்னால் அவர்களே போட்ட மாதிரி. ஆனால் "அம்மாடி, இன்னைக்கு எந்தா சூடு" என்று பொதுவாகச் சூட்டைப் பற்றிப் பேசலாம். அதைக் கேட்டு எனக்கே வியர்த்து, நானாக எழுந்துபோய்ப் போட வேண்டும்.

இதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. "சுகமா?" என்று யாராவது கேட்டாலே, ஏன் கேட்டார்கள் என்று இரண்டு நாள் யோசிக்கிறவன் நான். ஒருமுறை வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வெறுமனே "மழை வரும் போல" என்றார். அதற்கு எந்த சுவிட்ச் என்று பத்து நிமிஷம் தேடினேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு சனிக்கிழமை காலையில் ஆன்டி, "இங்கே ஒரே இருட்டு" என்றார். லைட்டெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. பல்பு பழசு போல என்று நினைத்து, திங்கட்கிழமை பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் இருட்டு. பன்னிரண்டு மாட்டினேன். அப்புறமும் இருட்டு. என் வயரிங்கில்தான் கோளாறு, ஒருநாள் பள்ளியே தீப்பிடிக்கப்போகிறது, பேப்பரில் என் போட்டோ வரும் என்று சோறு இறங்கவில்லை. கடைசியில் எல்லா இடத்திலும் இருபது வாட்ஸ் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை செக்ரட்டரி கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பிரார்த்தனைக்கு வந்தார். என்னைப் பார்த்து, "எடா, இது பள்ளியா, கிரிக்கெட் கிரவுண்டா?" என்றார்.

வாசலில் வந்தவர்களின் பேச்சிரைச்சலுக்கு நடுவே நின்ற ஆன்டி அவரை மறித்தார். "இன்னைக்கு டூரிஸ்ட்டை உள்ளே விடறதில்ல. நாளைக்கு வா மோனே."

எல்லோரும் சிரித்தார்கள். "சேச்சி பதிலுக்குப் பதில் குடுத்துட்டா!" என்று செக்ரட்டரியே விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு நொடி கழித்து ஆன்டியும் சிரித்தார். அந்த ஒரு நொடியைக் கவனித்தது நான் மட்டும்தான். அவர் ஜோக் அடிக்கவில்லை. நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கொழுந்தன் முகம் அவருக்குத் தெரியவில்லை.

இதில் என்ன ஆபத்து என்பது எனக்குத் தெரியும். ஆன்டியின் மகள் இஸ்ரேலில் இருக்கிறாள். கண்ணோ காலோ போனால் அன்றைக்கே அம்மாவுக்கு டிக்கெட் என்று சொல்லி வைத்திருக்கிறாள். "அங்கே போய் நான் எதுக்கு பிரசிடெண்ட் ஆகறது? ஃபிளாட் லிஃப்டுக்கா?" என்று ஆன்டி கேட்பார். மகளிடம் சொன்னால் அவரை ஊரைவிட்டு அனுப்பியவன் நான். சொல்லாமல் இருந்து அவர் படியில் உருண்டால் கொன்றவனும் நான். ராத்திரி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே புரண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சாயா கொடுத்தார். பாதி கிளாஸில், பாதி சாஸரில்.

"ஆன்டி," என்றேன், "கடையில இதுக்கு மேல வாட்ஸ் இல்ல."

அவர் சிந்தின சாயாவைத் துணியால் துடைத்தார்.

"வயரிங்கும் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"மகள்கிட்ட சொல்லுவியா?"

"என்ன சொல்ல? நான் பல்பைப் பத்தித்தானே பேசறேன்."

சாஸரை மேஜையில் அங்கும் இங்கும் நகர்த்தினார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். "எர்ணாகுளத்துல பழைய பல்பு மாத்தற ஆஸ்பத்திரி ஏதாவது உண்டோ என்னவோ."

இந்தத் தடவை எந்த சுவிட்ச் என்று நான் தேடவில்லை. நேராகப் போய் ஆட்டோ பிடித்தேன்.

பரிசோதித்த டாக்டர், "திமிரம்" என்றார். கண்புரைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். வீட்டுக்கு வந்து, "ஆன்டிக்குத் திமிரமாம்" என்றேன். "அதான் ஊருக்கே அறியுமே, அதுக்கு ஆஸ்பத்திரிக்கு வேற போகணுமா?" என்றாள் என் மனைவி. ஆபரேஷன் நடந்த அரைமணி நேரமும் நான் வராந்தாவில் எல்லா மதத்துச் சாமியையும் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் எடுத்திருக்க வேண்டும். ஒரு கண் முடிந்து, சில வாரம் கழித்து அடுத்த கண்ணும் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஆன்டி மகளுக்குப் போன் செய்தார். "டிக்கெட்டை நீ எடு. திருவிழாவுக்கு இங்கே வா. நாற்காலி போட ஆள் வேணும்."

தேறி வந்த முதல் சனிக்கிழமை பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். விளக்குகளில் ஒட்டடை, தூணில் பெயின்ட் உரிந்த இடம், எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ இவ்வளவு நரைச்சவனா? சின்னப் பையன்னு நெனச்சுத்தானே ஏணியில ஏத்திட்டிருந்தேன்!"

பிரார்த்தனை ஆரம்பித்ததும், "கண்ணு கூசுது" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

மறுபடி, "வல்லாத்த கூச்சம், தாங்க முடியல" என்றார். ஆபரேஷனில் ஏதோ கோளாறு. கண் போகிறது. நான்தான் கூட்டிக்கொண்டு போனவன். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, "ஏறுங்க ஆன்டி!" என்று கத்தினேன்.

"சனிக்கிழமை நான் ஆட்டோவில ஏறமாட்டேன்னு இவனுக்கு இன்னும் தெரியல," என்றார் ஆன்டி.

செக்ரட்டரி தன் கூலிங் கிளாஸைக் கழற்றி நீட்டினார். "இந்தா சேச்சி. டூரிஸ்ட் கண்ணாடி." ஆன்டி அதை மாட்டிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "ஆளுக்கே ஃபியூஸ் போயிட்டா எந்தக் கடையில மாத்துவாங்களோ."

நானும் கூரையைப் பார்த்தேன். அத்தனையும் இருபது வாட்ஸ்.

போய் நாலு லைட்டை அணைத்தேன். அந்த ஃபியூஸ் பேச்சு வெறும் குறிப்பா, அல்லது நிஜமாகவே திட்டினாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.