எக்ஸ்ரேயில் ஒரு கோடு

தெருவில் எல்லோருக்கும் அவள் டைலரக்கா. பள்ளிச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி, பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரி. "உன் பையன் வளர்ற வேகத்துக்கு ரப்பரைத்தான் வச்சுத் தைக்கணும்" என்று அளவெடுக்கும்போதே வம்புக்கு இழுப்பாள். அந்த வாயைத்தான் மூன்று மாதமாக இருமல் அடைத்துப் போட்டிருந்தது.

சாயங்காலம் ஆனால் போதும், சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல் வந்துவிடும். மாத்திரை மாறியது, டாக்டர் மாறினார், இருமல் மட்டும் மாறவில்லை. ஒருநாள் சளியில் ரத்தம் தெரிந்தது. அன்றைக்கே அண்ணன் மனைவி வந்து இவளுடைய நான்கு வயது மகனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"காசநோயா இருந்துட்டா புள்ளைக்கும் ஒட்டிக்கும். என்னன்னு தெரியற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

அண்ணி சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் ஆத்திரம். தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சளியை மூன்று தடவை சோதித்தும் கிருமி அகப்படவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளைப் படலம் இருந்தது. அதற்குள் பொடியாக ஒரு கோடு. அதை யாரும் மதிக்கவில்லை. கழுத்துப் பட்டியில் நாலு, தோளில் இரண்டு என்று உடுப்பெல்லாம் குண்டூசியோடு போய் நின்றவளாயிற்றே! "டைலர்னா ஊசி இல்லாமயா" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

புதிதாக வந்த டாக்டரம்மா சிரிக்கிற ரகம் இல்லை. "கிருமி தெரியலைன்னாலும் காசநோய் மருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆறு மாசம். அதுக்கு முன்னாடி இன்னொரு படம் எடுத்துடுவோம்" என்றார்.

ஆறு மாதம் என்றதும் அவள் விரல்விட்டு எண்ணினாள். பிள்ளை அண்ணி வீட்டுக்குப் போய் ஐந்து வாரம்தான் ஆகிறது. அதற்குள் போனில், "அத்தை தூங்கச் சொல்றாங்க" என்று பாதியில் வைத்துவிடுகிறான்.

இந்தத் தடவை கம்மல் வரை கழற்றச் சொல்லி, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் விரலை வைத்தார். டைலரக்காவின் கணவன் பஸ் ஓட்டுகிறவன், எது எதிரே வந்தாலும் மிரளாதவன், நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

"என்னங்க டாக்டர், முத்திப்போச்சா?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. "தைக்கும்போது ஊசியை எங்கம்மா வச்சுக்குவீங்க?"

டைலரக்காவின் கை தானாக உதட்டுக்குப் போனது. தையல்காரர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை.

"அப்ப இது உடுப்புல இருந்த ஊசி இல்ல. உங்க மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கு. அதுதான் சீழ் புடிச்சு இத்தனை நாளா காய்ச்சல். குழாய் விட்டு எடுத்துடலாம்."

"பிள்ளைக்கு ஒட்டாதுல்லங்க?"

"ஊசி எப்படிம்மா ஒட்டும்?"

அவள் அழுதேவிட்டாள். கணவனுக்கு மூச்சு வந்தது, கூடவே கோபமும் வந்தது. "ஒரு ஊசி உள்ள போனதுகூடவா தெரியாது? எப்படிப் போச்சு?"

டாக்டரம்மாவும் எழுதுவதற்குப் பேனாவோடு நிமிர்ந்தார். "ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கேட்டதுமே அந்த நாள் கண்முன் வந்து நின்றது. வாயில் மூன்று ஊசியோடு குனிந்து மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மகன் ஓடிவந்து, "அம்மா!" என்று முதுகில் தாவிக் கட்டிக்கொண்டான். திடுக்கிட்டு மூச்சை இழுத்தவள் புரையேறி இருமினாள். பிறகு பார்த்தால் ஊசி இரண்டுதான். மூன்றாவது கீழே விழுந்து பிள்ளையின் காலில் குத்திவிடுமே என்று அரைமணி நேரம் தரையைத் தடவித் தடவித் தேடினாள்.

சொன்னால் கணவன் அண்ணியிடம் சொல்வான். அப்புறம் அது சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிடும். மகனுக்கு மீசை முளைத்த பிறகும், அம்மா நெஞ்சில் ஊசி ஏற்றியவன் இவன்தான் என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்கப்புறம் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொள்ள அவனுக்கு மனசு வருமா?

"தும்மும்போது போயிருக்கும் டாக்டர்" என்றாள். "அப்ப வீட்டுல யாருமே இல்ல."