தட்டிவிட்டு ஓரமாக நிற்பவர்

பல்செட் அக்கா தன் வீட்டைவிட்டு வெளியேறிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் சித்தி கதவைத் தட்டிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். விரல் முட்டியால் மெதுவாக ஒரு தட்டு, சின்ன இடைவெளி, இன்னொரு தட்டு. அவர் கையில் கதவை உடைக்கவே அனுமதி தரும் நீதிமன்ற உத்தரவு இருந்தது. பின்னால் வங்கி அதிகாரி, வங்கியின் வக்கீல், ஒரு போலீஸ்காரர், கருவிப்பையோடு பூட்டுக்காரர். இத்தனை பேர் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, சித்தி மட்டும் இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தவரைப்போலக் கூச்சத்தோடு நின்றார்.

என் சித்தி நீதிமன்ற அமீனா. வழக்கில் தோற்றவரின் வீட்டைக் காலி செய்து ஜெயித்தவரிடம் ஒப்படைப்பது, மோசடிக்காரர்களின் சொத்தில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டி அரக்கு முத்திரை வைப்பது இதெல்லாம் அவர் வேலை. "நீதிபதி ஐயா எழுதற உத்தரவுக்குக் கால் கிடையாதுடி. நான்தான் அதுக்குக் கால்" என்பார். அந்தக் காலில் ஆணி வேறு. மருந்து வாங்கி வைத்தாலும் தடவ மாட்டார்.

ஏன் கதவுக்கு நேராக நிற்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "நேரா நின்னா, திறக்கறவங்க முதல்ல பார்க்கறது என் மூஞ்சியைத்தான். ஓரமா நின்னா அவங்க தெருவைப் பார்ப்பாங்க. அன்னிக்கு ஒருநாளாவது நல்லாப் பார்த்துக்கட்டுமே" என்றார்.

உள்ளேயிருந்து யாராவது "வாங்க" என்று சொல்லும்வரை வாசற்படி தாண்ட மாட்டார். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி, அழுதுகொண்டே சொன்னாலும் சரி, அந்தச் சொல் வரவேண்டும். ஆள் ஓடிப்போன காலி வீட்டுக்கு முத்திரை வைக்கப் போனாலும் தட்டுவார். கொஞ்சம் பொறுத்து, "சரி, வரேங்க" என்று தானே சொல்லிக்கொண்டு நுழைவார்.

வெளியில்தான் இத்தனை மரியாதை. வீட்டில் எந்தக் கதவையும் அவர் தட்டி நான் பார்த்ததில்லை. தூங்குகிற அறை, துணி மாற்றுகிற அறை, எல்லாம் ஒன்றுதான், புயல்போலத் திறந்துகொண்டு வந்து "எங்கடி என் கண்ணாடி?" என்பார். சித்தப்பா இதைப் பற்றி எல்லோரிடமும் புகார் சொல்வார். "கோர்ட்டு வேலைக்குப் போனாத்தான் தட்டுவா. எனக்கெல்லாம் நேரா ஜப்திதான்."

அவர்கள் குடியிருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் சித்தியைக் கண்டால் நடுங்குவார். குடிவந்த நாளிலிருந்து வாடகையை ஏற்றும் பேச்சையே அவர் எடுத்ததில்லை. சித்தியாகவே ஆண்டுக்கொரு முறை ஏற்றிக் கொடுப்பார். அவர் அதைப் பயந்துகொண்டே வாங்கிக்கொள்வார்.

தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே என்று தெரியாமல், பையைக்கூடப் பிரிக்காமல் நான் அவர்களோடு தங்கியிருந்த காலம் அது. சித்தியின் ஸ்கூட்டர் மக்கர் செய்ததால் கொஞ்ச நாள் என் வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்தார். பின்னால் உட்கார்ந்து, கால் வைத்த வீடுகளின் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். எல்லோருக்காகவும் உருகுகிறவர் அல்ல. படுக்கையில் கிடந்த மாமனாரைப் பின்கட்டில் தள்ளிவிட்டு வீட்டை அமுக்கப் பார்த்த ஒரு மருமகன் வாசலில் புரண்டு அழுதபோது, அவனைத் தாண்டிப்போய்ச் சாமான்களை எடுத்து வெளியே வைத்தாராம். "சில பேர் அழுகை வாடகைக்கு எடுத்ததுடி. கேட்டாலே தெரியும்."

பல்செட் அக்கா அழவில்லை. அவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறைதான் பட்டறை. தம்பிக்குத் தொழில் தொடங்க உதவி வேண்டும் என்று நம்பிப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். தம்பி அதைக் காட்டி, வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, பெயர்ப்பலகை மட்டுமே இருந்த ஒரு கம்பெனிக்குக் கடன் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டான். அக்கா கொடுத்த மோசடிப் புகார் போலீசில் இருந்தது. அதற்குள் வங்கி நீதிமன்றத்தில் வீட்டை எடுக்க உத்தரவு வாங்கிவிட்டது.

"மோசடின்னு கேஸ் இருக்கும்போது எப்படி சித்தி காலி பண்ணச் சொல்ல முடியும்?" என்று வழியில் கேட்டேன்.

"அது கிரிமினல் கோர்ட்டு, இது சிவில் கோர்ட்டு. ரெண்டும் சண்டை போட்ட ஓரகத்திங்க மாதிரி. இருக்கறது ஒரே வீடுதான், பேச்சுவார்த்தை கிடையாது."

இரண்டாவது தட்டுக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து நிதானமான குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்க. பல்லு வேகுது."

வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தி ஜன்னல் பக்கம் போய் விசாரித்தார். ஈறுக்கான இளஞ்சிவப்புப் பசையை அச்சில் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால்தான் இறுகுமாம். பாதியில் எடுத்தால் பொத்தல் விழுந்து வீணாகிவிடும். ஒரு பெரியவர் பல்லில்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"மேடம், உடைக்கலாம்னு ஆர்டர் இருக்கு. எதுக்கு வெயிட் பண்றோம்?" என்றார் வக்கீல்.

"இருக்கு சார். திறக்க மாட்டேன்னா உடைக்கலாம்னு இருக்கு. பல்லு வேகறதுக்குள்ள உடைக்கணும்னு இல்லையே."

பூட்டுக்காரர் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அமீனாம்மாவோடு வந்தால் தன் கருவிப்பைக்குப் பாதி நாள் ஓய்வு என்பது அவருக்குத் தெரியும். போலீஸ்காரர் தன் மாமியாரின் பல்செட் சாப்பிடும்போது கழன்றுவிடுவதைப் பற்றி ஜன்னல் வழியாக ஆலோசனை கேட்க ஆரம்பித்தார். "கூட்டிட்டு வாங்க, இறுக்கிக் கொடுக்கறேன்" என்றது உள்ளிருந்த குரல். அப்புறம், "எங்க கூட்டிட்டு வருவீங்களோ, அது தெரியல" என்றது. போலீஸ்காரர் ஜன்னலைவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் முதலில் பார்த்தது தெருவைத்தான். பிறகு ஓரமாக நின்ற சித்தியைப் பார்த்து, "வாங்க" என்றார்.

"வீட்டைக் கொஞ்சம் காட்டுங்கக்கா" என்றார் சித்தி. இதுவும் அவர் வழக்கம். விருந்தாளிக்குக் காட்டுவதுபோல ஒவ்வோர் அறையாகக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் சாமானில் கைவைக்க விடுவார். மற்ற அமீனாக்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே வேலையை முடித்துவிடுவார்கள். சித்தியிடம் கேட்டால், "பார்க்காத வீட்டை எப்படிடி இன்னொருத்தர்கிட்ட குடுக்கறது?" என்பார்.

முன்னறை அலமாரியில் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. அடுத்து படுக்கையறை. அதற்கடுத்து சமையலறை, அடுப்பின்மேல் இன்னும் ஆவி அடங்காத பாத்திரம். பின்னால் துணி துவைக்கும் இடம், ஒரு கொடி. அவ்வளவுதான் வீடு. சித்தி உத்தரவைப் பிரித்துப் பார்த்தார். திரும்பவும் முன்னறைக்கு வந்தார், பின்னால் போனார்.

"மாடிப்படி எங்கக்கா?"

"என்ன மாடி?"

"பேப்பர்ல ஒரு மாடி இருக்கே."

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "அப்படியா? அப்ப நான் அங்கேயே குடியிருந்துக்கறேன். கீழ்வீட்டை இவங்க எடுத்துக்கட்டும்."

பூட்டுக்காரர் சிரித்துவிட்டார். எல்லோரும் பின்வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். ஓட்டின்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதற்குமேல் வானம்.

வங்கி அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் மேடம்."

"மேல எத்தனை ரூம், ஒவ்வொண்ணும் என்ன அளவுன்னு போட்டிருக்கே சார். மிஸ்டேக்கு டேப் வெச்சு அளக்குமா?"

கடன் கொடுக்கும்முன் வீட்டைப் பார்த்து மதிப்புப் போட்டதாக ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். அதைச் சரிபார்த்ததாகக் கிளை மேலாளர் கையெழுத்திட்டிருந்தார். இருவருமே இந்தத் தெருவுக்கு வந்திருக்க முடியாது என்பது காகத்துக்குக்கூடப் புரிந்திருக்கும். அதிகாரி சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நான் கொடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"முழுசா ஒப்படைச்சாச்சுன்னு எழுதிடுங்க மேடம். வாங்கிக்கறது நாங்கதானே? நாங்களே கேட்கலேன்னா உங்களுக்கென்ன?"

"இல்லாத மாடியை நான் எங்கேருந்து சார் கொண்டாந்து குடுப்பேன்? கீழ்வீடு இருக்கு, தரேன். மேல்வீடு இல்லை, தர முடியலேன்னு எழுதறேன்."

"இதைப் பெரிசு பண்ணினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்குக் கால்ல ஆணி இருக்கு சார். அதைவிடப் பெரிய கஷ்டமா?"

அன்று எனக்குச் சித்திமேல் பெருமையும் கோபமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு பேசியவர் அடுத்த நிமிடமே சாமான்களை எடுக்கச் சொன்னார். என் மனதில் இருந்ததைத்தான் பல்செட் அக்காவும் கேட்டார்.

"இதெல்லாம் ஏமாத்துன்னு கண்ணாலேயே பார்த்துட்டீங்க. பார்த்தப்புறமும் என்னை அனுப்பறீங்களே?"

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேல்வீடுதான் இல்லக்கா. கீழ்வீடு இருக்கே. அதுக்கு என் கையில உத்தரவு இருக்கு."

பிறகு சித்தி தாடைகள் ஒவ்வொன்றையும் தானே பழந்துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கினார். கொதிநீர்ப் பாத்திரத்தை ஆறவிட்டு, வெந்த அச்சைப் பல்செட் அக்கா கையிலேயே கொடுத்தார். துணி மூட்டை வெளியே வரும்போது மட்டும், "அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார். போலீஸ்காரர் திரும்பிக்கொண்டார். வக்கீலும் திரும்பிக்கொண்டார்.

பூட்டுக்காரர் புதுப் பூட்டைப் பொருத்தினார். சித்தி அரக்கை உருக்கி முத்திரை வைத்து, குழந்தையின் காயத்துக்கு ஊதுவதுபோல அதன்மேல் ஊதினார். பல்செட் அக்கா வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"இனிமே நான் இங்க வந்தாலும் தட்டிட்டுத்தான் நிக்கணும், இல்ல அமீனாம்மா?"

சித்தி குனிந்து, ஏற்கெனவே ஆறிப்போன முத்திரையை இன்னொரு முறை ஊதினார்.

தாமதப்படுத்தினார், உத்தரவை முழுமையாக நிறைவேற்றவில்லை என்று வங்கி புகார் எழுதியது. சித்தியை வெளிவேலையிலிருந்து எடுத்து நகல் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. நாளெல்லாம் தீர்ப்புகளை நகலெடுக்கும் இயந்திரத்தின் சூடு. தெருத்தெருவாகச் சுற்றிய மனுஷி உட்கார்ந்தே இளைத்துப்போனார். "'மாடி இல்லை'ங்கற ரெண்டு வார்த்தையை எழுதாம இருந்திருக்கலாம்ல?" என்று சித்தப்பா கேட்டாராம். "எழுதலேன்னா மாடி வந்துடுமா?" என்று சித்தி திருப்பிக் கேட்டாராம். இதெல்லாம் நான் எங்கெங்கோ ரயில் நிலையங்களில் இருந்தபோது தொலைபேசியில் வந்த செய்திகள்.

அந்த இரண்டு வார்த்தைகளைக் கடைசியில் மோசடி வழக்கை விசாரித்த பெண் அதிகாரிதான் எடுத்துக்கொண்டார். தம்பி ஒருவனாக இதைச் செய்திருக்க முடியாது என்பதற்கு அதுதான் பிடி. சித்தி சாட்சிக் கூண்டில் ஏறினார். வழக்கமாக உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே போகும் மனுஷி உள்ளே நின்று பேசியது அதுதான் முதல்முறை. கிளை மேலாளரின் வக்கீல், "நீங்க இன்ஜினியரா? கட்டடத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அதட்டினார்.

"ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. ஏறிப் பார்க்கலாம்னு படியைத் தேடினேன்" என்றார் சித்தி. நீதிபதி குனிந்து எதையோ எழுதுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டாராம். சித்தப்பா இதை நடித்தே காட்டுவார்.

வழக்கு அதன் போக்கில் நகர்ந்தது. நான் இன்னொரு சுற்றுப் போய், திரும்பி வந்து, மறுபடியும் பையைப் பிரிக்காமல் அதே அறையில் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் கைப்பேசி ஒலித்தது. குரல் செய்தி. சித்தி கண்ணாடியைத் தேடி என் அறைக்குள் தட்டாமல் வந்திருந்தார். மேசைமேல் கைப்பேசியை வைத்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தினார். பல்செட் அக்காவின் நிதானமான குரல் பேசியது.

"அமீனாம்மா, அந்தக் கடனே மோசடின்னு தீர்ப்பாகி வீட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நேத்து வேற அமீனா வந்து முத்திரையை உடைச்சாரு. அவரு தட்டல. வெறும் வீடுதானேன்னு நேரா உள்ள போயிட்டாரு." பின்னணியில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. "பல்லு வேகுது. கதவு திறந்துதான் இருக்கு. நீங்க தட்டாம வாங்க."

செய்தி முடிந்து திரை அணைந்தது. சித்தி விரல்களை மடக்கினார். பிறகு விரல் முட்டியால் மேசையில் மெதுவாக ஒரு தட்டு, சின்ன இடைவெளி, இன்னொரு தட்டு. தட்டிவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே கொஞ்சம் ஓரமாக நகர்ந்துகொண்டார்.