ஊரைக் கிளப்பிய முப்பது கிலோமீட்டர்

எங்கள் பக்கத்தில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பஸ் கிளம்பியிருக்கலாம், நாய் துரத்தலாம், யாருக்காவது உயிர் போய்க்கொண்டிருக்கலாம். நாற்பத்தாறு வயதில் தொப்பையோடு, அரைக்கால் டவுசரில், வடசென்னை எர்ணாவூர் குப்பத்திலிருந்து சும்மா ஓடிவிட்டுத் திரும்பி வருகிறவனை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு கன்டெய்னர் யார்டில் கேட் எழுதுகிற வேலை. வரும் லாரியின் நம்பர், போகும் லாரியின் நம்பர். பதினெட்டு வருடம் உட்கார்ந்தே எழுதியதில் சர்க்கரை ஏறிவிட்டது. தெற்கே அடையாறு பக்கத்திலிருந்து வந்த புது மேனேஜர், தான் மாரத்தான் ஓடுவதாகவும் நானும் ஓடலாமே என்றும் சொன்னார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

முதல் வருடம் முப்பத்தோராவது கிலோமீட்டரில் கால் மடங்கி, கடற்கரைச் சாலை நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். முடியாதவர்களைப் பொறுக்கிப் போக ஒரு வேன் பின்னாலேயே வரும். அதில் ஏற்றி, கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்து இறக்கிவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது. வேனில் போகும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவு சொன்னாள். இன்னும் ஒரே ஒரு வாட்டி. முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அதோடு சரி, ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே இரண்டாம் வருடம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தேன். பாதி மூச்சு, லிஃப்ட் கொடுக்க வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதிலேயே போயிற்று. ஒரு டிரெய்லர் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, எங்கே போகணும், ஏறு நைனா என்றார். எங்கேயும் போகவில்லை, எண்ணூர் போய்விட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார்.

சாப்பாட்டு விஷயம் அதைவிடக் கேவலமானது. ஓடுகிறவன் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால், வாராவாரம் மெடிக்கலில் ஓஆர்எஸ் பாக்கெட் பத்து வாங்குவேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த கடைக்காரர், இவ்வளவு நாள் வயிற்றோட்டம் நிற்காமல் இருப்பது நல்லதல்ல, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள் என்று நாலு பேர் முன்னால் அறிவுரை சொன்னார். ஓட்டத்துக்கு முந்தைய மூன்று நாள் மாவுச்சத்தாகச் சாப்பிட வேண்டும் என்ற விதியை மனைவியிடம் விளக்கியபோது, அவள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"மூணு நாளு வெறும் சோறா துன்னணுமா? எங்கப்பன் கட்டுமரத்துல போய்கினு முப்பது வருசம் அதான் துன்னாரு. ஒருத்தனும் மெடல் குடுக்கலியே."

அவள் எங்கள் தெருவில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறாள். ஓட்டம், மாவுச்சத்து, மெடல் எல்லாமே அவளுக்கு வேலையற்றவன் வேலை. நான் செத்தாலும் பிழைத்தாலும் இட்லி வெந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பெரிய பயிற்சி ஓட்டம். முப்பது கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பி ராயபுரம் வரை போய்த் திரும்பி, வீட்டு வாசலில் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு, அப்படியே வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்பினால் கணக்கு சரியாகிவிடும். வடக்கே போகப் போக அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் தாங்காது. அதனால் கூழ் குடித்த கையோடு என் துண்டை அவள் வாளியில் நனைத்து, மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டேன். முடிச்சைப் போட்டுவிட்டவளே அவள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு நாள் காற்றில் காரம் கலந்து வந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்து, சமுதாயக் கூடத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஈரத் துணியை மூக்கில் கட்டு. நின்று பேசாதே, மூச்சு வீணாகும். எதிரில் வருகிறவனுக்குக் கையால் சைகை காட்டு. ஓடு. கடைசியில் சமோசா கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன், இரண்டு சமோசா சாப்பிட்டேன்.

அன்று முகத்துவாரத்திலிருந்து கடலோரச் சாலையில் திரும்பி வரும்போது மணி எட்டு இருக்கும். இருபத்தொன்பது கிலோமீட்டர் முடிந்திருந்தது. கண்ணெல்லாம் சிவந்து, துண்டுக்குள் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. குப்பத்தின் வடக்கு முனையில் ஒரு அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இன்னாப்பா ஆச்சு என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. வழியில் அவருடைய நாய் படுத்திருந்தது. அதை மிதித்துவிடக் கூடாதே என்று, நகரச் சொல்லிக் கையை வேகமாக ஆட்டினேன்.

நாய் நகரவில்லை. அந்த அம்மாள் எழுந்து ஓட ஆரம்பித்தார்.

ஐம்பது அடி போவதற்குள் என் பின்னால் பத்துப் பேர், நூறு அடியில் ஐம்பது பேர். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி எழுந்து வந்தார்கள். "கேஸு வுட்டுட்டாம்பா, எண்ணூராண்டயிருந்து வருது" என்று யாரோ கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்ட மறு நிமிடம் எனக்கும் மூக்கில் காரம் ஏறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தொண்டை எரிந்தது. அய்யோ, நாம் அங்கிருந்துதானே வருகிறோம், இவ்வளவு நேரம் அதையா சுவாசித்தோம் என்று பதறி, என் வாழ்நாளிலேயே ஓடாத வேகத்தில் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவர்கள் கூட்டியதைப் பார்த்து நான் கூட்டினேன்.

திருவொற்றியூர் தேரடிக்கு வந்துதான் கூட்டம் நின்றது. இருமுகிறவர்களுக்குப் பூக்கடைக்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். போலீஸ் வந்தது. ஒவ்வொரு ஆலைக்கும் போன் போட்டார்கள். எல்லோரும் எங்களிடம் ஒன்றும் இல்லை என்றார்கள். அது எப்போதும் சொல்வதுதான் என்று யாரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு ஏட்டு, முதலில் பார்த்தது யார் என்று விசாரிக்கத் தொடங்கினார். இவர் அவரைக் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட, விசாரணை போய்ப் போய்ப் பாத்திரம் துலக்கிய அம்மாளிடம் நின்றது. அவர் சுற்றும்முற்றும் பார்த்து, கையில் இன்னும் விடாமல் வைத்திருந்த சாம்பல் நாரால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நானேதான்.

அடி வாங்குவதற்கு முன்னால் மனைவியோடு சேர்ந்து நின்றுகொள்ளலாம் என்று கூட்டத்தில் அவளைத் தேடினேன். அவள் இல்லை. அவளை யாரும் பார்க்கவும் இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கடலோரச் சாலையில் ஓடி வந்தவன், எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். உள்ளே திரும்பி அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு ஓடிப்போய், ஊருக்கு முதல் ஆளாகத் தேரடியில் நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். கடை திறந்து கிடந்தது. இட்லிப் பானை தண்ணீர் வற்றி அடிபிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் போன் அடுப்பு மேடையில் இருந்தது, செருப்பு வாசலில் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நைட்டிமேல் துண்டு, இரண்டு பாதத்திலும் ரத்தம். எண்ணூர் பக்கம் கேஸ் என்று கேட்டதும் அவள் வடக்கே ஓடியிருக்கிறாள். லாரி நெரிசல் இருந்தால் நான் உள்ரோட்டில்தான் ஓடுவேன் என்று என்றைக்கோ சொன்னதை ஞாபகம் வைத்து, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, கத்திவாக்கம் வரைக்கும் ஐந்து கிலோமீட்டர் உள்ரோட்டில் வெறுங்காலோடு தேடிக்கொண்டே போயிருக்கிறாள். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இவள் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வடக்கே ஓட ஆரம்பித்துவிட்டார்களாம். ஆக அன்று காலை புருஷன் பாதி ஜனத்தைத் தெற்கேயும் பெண்டாட்டி மீதி ஜனத்தை வடக்கேயும் ஓட்டியிருக்கிறோம்.

அவள் பாதத்தில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டே, அந்த ஐந்து கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று கேட்டேன். என் புத்தி அப்படி. அவள் சொன்ன நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், என் வேகத்தைவிட நல்ல வேகம். அதை அவளிடம் சொல்லியும் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். நான் இனி ஓடவே கூடாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். சரி, ஓடவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். உண்மையாகவே விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் காலில் கட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து, இத்தனை பேரை ஓடவிட்ட மனுஷன் தான் மட்டும் ஓடாமல் வீட்டில் உட்கார்ந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை, அது போய் முடித்துவிட்டு வரட்டும் என்றாள். கூட்டம் யோசித்தது. பெரியவர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். ஓடலாம். ஆனால் முகத்தில் துணி கட்டக் கூடாது. அதோடு, பார்க்கிறவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிகிற மாதிரி, சிரித்த முகத்தோடு ஓட வேண்டும்.

மூன்று வாரம் சிரித்துக்கொண்டே ஓடினேன். பல்லில் சாம்பல் நறநறத்தது. லிஃப்ட் கொடுக்கிறவர்கள் நின்றுபோனார்கள். எதிரில் வருகிறவர்கள் குழந்தைகளை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். காலையில் ஓட்டம் முடிந்ததும், நிற்க முடியாத மனைவிக்குப் பதிலாக இட்லி ஊற்றினேன். வாங்க வந்தவர்கள் நான் சிரிக்காவிட்டால் என்ன ஆச்சு என்று பதறினார்கள்.

மாரத்தான் அன்று முப்பத்தோராவது கிலோமீட்டரில், போன வருடம் உட்கார்ந்த அதே சாலையில், தொடை கல்லாகிவிட்டது. பொறுக்குகிற வேன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. ஜன்னலில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்தான். வலி தாங்காத நேரத்திலும் வாய் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. சார் நல்லா இருக்காரு, அடுத்தவரைப் பாருங்க என்று டிரைவரிடம் சொல்லிவிட்டான். வேன் போய்விட்டது. ஏறலாம் என்று நினைத்திருந்தாலும் இனி முடியாது. நடந்தேன், நொண்டினேன், கொஞ்சம் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மெடலை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே நின்று அழுதேன், சிரித்த முகத்தோடு.

வீட்டு வாசல்படி இரண்டையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். மனைவி வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்து வைத்தாள். அவள் பாதமும் முழுதாக ஆறவில்லை. நாலு காலையும் ஒரே பேசினில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னாடி யாராவது ஓடியாந்தாங்களா என்று கேட்டாள். இல்லை, நான்தான் கடைசி என்றேன். பரவாயில்லை, நிம்மதி என்றாள்.

மூன்று வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு நம்ம தெருவைத் தாண்டித்தான் ஓடினேன், உன்னை நினைக்கவே இல்லை என்று. அவள் தலையை ஆட்டினாள். தெரியும், இட்லி வாங்க வந்த எல்லாரும் சொல்லிவிட்டார்கள் என்றாள். அப்புறம், ஊரே இந்தாண்ட ஓடும்போது நீ மட்டும் எதற்கு அந்தாண்ட ஓடினாய், சமுதாயக் கூடத்துப் பயிற்சிக்கு நீயும் வந்தாயே என்று கேட்டேன்.

என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ அந்தாண்ட தானய்யா போன" என்றாள்.

பிறகு தண்ணீர் ஆறிவிட்டது என்று சொல்லி, என் கால்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.