அசனப் பந்தியில் என் மருமகள்

என் மருமகள் முக்கூடலில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். என் மகனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷமாகியும் எங்களோடு ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "எனக்குப் பசிக்கல அத்தை, நீங்க சாப்பிடுங்க" என்பாள். மீன் வாடை அவளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அதற்காக மீன் வாங்குவதை நிறுத்தினேனா? அதுதான் இல்லை. வந்தவள் பழகிக்கொள்ளட்டும் என்ற வீம்பு.

ஆனால் சாப்பாட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மனசு உறுத்தும். எங்களோடு பந்தியிருக்க வாரும் என்று ஆண்டவரை மூன்று வேளையும் அழைக்கிறவள் நான். அடுப்படியில் நிற்கிற பிள்ளையை உட்கார வைக்கத் துப்பில்லை. அவள் ஒருவேளையாவது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏங்கிப்போனேன்.

கோயில் பண்டிகையில் அசனம் வந்தது. அன்று சபையில் யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். வீட்டுக்கு வீடு சேர்த்த கைப்பிடி அரிசியைக் கோயில் வளாகத்திலேயே பொங்கி, ஆட்டுக்கறி, சாம்பாரோடு எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். அவளும் வந்துதான் ஆக வேண்டும். வந்தாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குருவானவர் ஜெபித்து முடித்ததும் கறிவாளியோடு ஒரு அண்ணாச்சி வந்தார். அசனத்தில் கேட்டுக் கேட்டுப் போடுகிற வழக்கமில்லை. ஒரே ஓட்டமாக எல்லா இலையிலும் கறி விழும். அவள் இலைக்கு மேல் கரண்டி வந்ததும் பதறிப்போய் என் வலது கையை நீட்டி மறைத்தேன். கொதிக்கிற குழம்பு அப்படியே என் கையில் விழுந்தது.

"ஐயோ, கையக் கொண்டு வந்து வைக்கீங்களே யம்மா!" என்று அண்ணாச்சி அலறினார். மருமகள் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரில் கையைப் பிடித்தாள். "பைய அத்தை, பைய" என்று ஊதினாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் விரலை மடக்க முடியவில்லை.

"நீ சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடு தாயீ. எனக்கு வேண்டாம்."

"அதெப்படி? நான் ஊட்டுதேன்."

என் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கறியையும் சோற்றையும் தன் விரல்களால் பிசைந்தாள். எலும்பை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு கவளம் உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குருவானவர் கையால் திருவிருந்து அப்பம் வாங்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருநாளும் பயபக்தியோடு வாயைத் திறந்ததில்லை.